குனாஃபா சொதசொதத்துவிட்டதா? அரபு இனிப்புகளில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

அதிரசத்துக்கும் ஜாங்கிரிக்கும் பாகு காய்ச்சிப் பழகிய கைதான் குனாஃபாவைக் (நூல்நூலான மாவும் சீஸும் அடுக்கிச் சுட்டுப் பாகு ஊற்றும் அரபு இனிப்பு) கெடுக்கும். இது என் சொந்தக் கதை. ஷார்ஜாவில் குடியிருந்தபோது எங்கள் எதிர்வீட்டில் பாலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரத்து அம்மா ஒருவர் இருந்தார். முதன்முதலாக நானே குனாஃபா செய்து, பெருமையாக ஒரு துண்டை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கரண்டியால் அதன் மேல் ஒரு தட்டு தட்டினார். டக் டக் என்று சத்தம் வந்தது. ஒன்றும் சொல்லாமல் என்னைத் தன் அடுப்படிக்குக் கூட்டிப்போய்ப் பாகுப் பாத்திரத்தைக் காட்டினார். நான் கம்பிப் பதம் வரும்வரை காய்ச்சியிருந்தேன். அவருடைய பாகு தேனைவிட நீர்த்து ஓடியது.

பலகாரம் கெட்டால் எல்லோரும் முதலில் அவன் மேல்தான் பழி போடுவோம் (அடுப்பைச் சொல்கிறேன்). அரபு இனிப்புகளில் பாதிக்கு மேற்பட்ட கோளாறுகள் பாகில்தான் இருக்கின்றன. மிச்சம் நெய்யில், அப்புறம் பாலாடைக்கட்டியில். உங்கள் தட்டில் என்ன கோளாறு தெரிகிறதோ அதைக் கீழே தேடிப் பாருங்கள்.

மொறுமொறுப்பே இல்லை, அடிவரை சொதசொத என்று ஊறிக் கிடக்கிறது

குனாஃபா, பக்லாவா (தாள்போல மெல்லிய மாவை அடுக்கடுக்காக வைத்துச் சுடுவது) இரண்டுக்கும் பொதுவான புகார் இது. முதலில் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: பாகு ஊற்றும்போது எது சூடாக இருந்தது? இரண்டில் ஒன்றுதான் சூடாக இருக்க வேண்டும். பலகாரம் அடுப்பிலிருந்து இறங்கியதும் பாகு ஆறியிருக்க வேண்டும். இரண்டும் கொதிக்கக் கொதிக்க இருந்தால் நீர்த்த பாகு மாவுக்குள் ஒரேயடியாகப் பாய்ந்து, நெய்யில் பொரிந்த அடுக்குகளைக் கஞ்சியாக்கிவிடும். இரண்டும் ஆறியிருந்தால் பாகு உள்ளே இறங்காது. மேலே பளபளவென்று நிற்கும், அடியில் மாவு காய்ந்துபோய்க் கிடக்கும்.

வெப்பம் சரியாக இருந்தும் சொதசொதக்கிறதென்றால் பாகு நீர்த்திருக்கிறது. என் கணக்கு இது: சர்க்கரை 2 கப், தண்ணீர் 1 கப், எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன். கொதி வந்த பிறகு 5 முதல் 7 நிமிடம். இரண்டு விரலுக்கு நடுவே தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், கம்பி நீளக்கூடாது. நம் பாட்டிகள் பிசுக்குப் பதம் என்பார்களே, அதுதான். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுத் தட்டைச் சாய்த்தால் தண்ணீர்போல ஓடாமல் சோம்பலாக நகர வேண்டும். ஆறியதும் அது இன்னும் கொஞ்சம் கெட்டியாகும், அதையும் கணக்கில் வைத்து இறக்குங்கள். அரபு வீடுகளில் இந்தப் பாகுக்குக் ‘கத்ர்’ என்று பெயர்.

ஏற்கெனவே ஊறிப்போனதை முழுசாக மீட்க முடியாது. தட்டைச் சாய்த்துப் பாகை வடித்துவிட்டு, 150 டிகிரி அவனில் 10 நிமிடம் வைத்தால் மேற்புறமாவது தேறும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

மேலே கண்ணாடிபோல இறுகிவிட்டது, பல்லில் ஒட்டுகிறது

நான் செய்த தப்பு. ஒரு கம்பிப் பதம் தாண்டிய பாகு ஆறும்போது இறுகத்தான் செய்யும். அதிரசத்துக்கு அது பொருந்தும். நூல்நூலான மாவுக்கு இடையே போய் இறங்க வேண்டிய பாகுக்குப் பொருந்தாது. பாத்திரத்தில் மீதி இருந்தால் கால் கப் வெந்நீர் விட்டு ஒரு கொதி காட்டுங்கள், பழைய பதத்துக்கு வந்துவிடும். பலகாரத்தில் ஊற்றியாகிவிட்டதென்றால் இரண்டு ஸ்பூன் வெந்நீரில் கொஞ்சம் ரோஜாப் பன்னீர் கலந்து மேலே தெளித்து, மூடி போட்டு, மெல்லிய தணலில் 3 நிமிடம் வையுங்கள்.

பாகு பூத்துவிட்டது, வாயில் வைத்தால் நறநறக்கிறது

சர்க்கரை கரைந்த பிறகும் கரண்டி போட்டுக் கிண்டியிருப்பீர்கள். அல்லது பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த சர்க்கரைத் துகள் பாகில் விழுந்திருக்கும். ஒரு துகள் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் படிகமாகிவிடும். கொதிக்கும்போது ஈரத் தூரிகையால் ஓரங்களைத் துடைத்துவிடுங்கள், கரண்டியை எடுத்து வைத்துவிடுங்கள்.

எலுமிச்சை சேர்ப்பது புளிப்புக்காக இல்லை. புளிப்பும் சூடும் சேர்ந்து சர்க்கரையில் ஒரு பங்கைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரித்துவிடும். இந்தக் கலப்படக் கூட்டம் நடுவில் நின்றால் சர்க்கரை ஒன்றோடொன்று கோத்துப் படிகமாக முடியாது. ஜாங்கிரிப் பாகில் நாம் எலுமிச்சை பிழிவதும் இதற்குத்தான். பூத்த பாகைக் கொட்ட வேண்டாம். கால் கப் தண்ணீரும் அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறும் விட்டு மறுபடி கொதிக்க வைத்தால் தெளிந்துவிடும்.

குனாஃபாவில் சீஸ் சரியில்லை

இந்தக் கோளாறு மூன்று விதமாக வரும், மூன்றுக்கும் காரணம் வேறு.

உப்புக் கரிக்கிறதா? நாப்லுஸ் சீஸ், அக்காவி சீஸ் இரண்டும் உப்புத் தண்ணீரில் கிடந்து வருபவை. முன்னது பாலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரப் பெயரிலும், பின்னது கடலோர அக்கா நகரப் பெயரிலும் வழங்குகின்றன. விரல் பருமனுக்குத் துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். ராத்திரி போட்டால் காலையில் சரியாக இருக்கும். ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள். உப்பே தெரியக்கூடாது, பால் மணம் மட்டும் தெரிய வேண்டும். ‘லேசாக இருந்தால் பரவாயில்லை’ என்று விட்டுவிட்டால், பாகின் இனிப்போடு சேரும்போது அந்த லேசான உப்பு இரண்டு மடங்காகத் தெரியும்.

தண்ணீர் விட்டுக் குளம் கட்டுகிறதா? ஊறவைத்த சீஸை அப்படியே போட்டிருக்கிறீர்கள். துருவி, வெள்ளைத் துணியில் கட்டிப் பிழிந்து, அரைமணி நேரம் வடிய விடுங்கள். பிழிந்த துணியைப் பார்த்தால் எவ்வளவு தண்ணீர் ஒளிந்திருந்தது என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

இழை இழையாக நீளவில்லையா? அப்படியானால் நீங்கள் போட்டது பனீராக இருக்கும். எலுமிச்சை ஊற்றித் திரித்த பாலில் கிடைக்கும் பனீர் சூட்டில் உருகாது. தண்ணீரை விட்டுவிட்டு இன்னும் இறுகும். உறைநொதி போட்டு உறைய வைத்த சீஸ்தான் உருகி நீளும். ஊரில் நாப்லுஸ் சீஸ் கிடைக்காவிட்டால் உப்பில்லாத மொசரெல்லா 2 பங்கும், பால் பதத்துக்கு ரிகோட்டா 1 பங்கும் கலக்கலாம். அசல் மாதிரியா என்று கேட்டால், இல்லை. அசலில் மஹ்லப் என்ற காட்டுச் செர்ரிக் கொட்டையின் மணமும் மஸ்திகிப் பிசினின் மணமும் ஏறியிருக்கும். ஆனால் சாப்பிட நன்றாகவே இருக்கும். (குறிப்பில் ‘பன்னீர்’ என்று இருந்தால் அது ரோஜாப் பன்னீர். பனீர் என்று நினைத்துப் பாகில் கட்டியைப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.)

மேலே நல்ல ஆரஞ்சு நிறம், உள்ளே மாவு பச்சை

நிறம் ஏமாற்றிவிட்டது. நாப்லுஸ் குனாஃபாவின் செக்கச்சிவந்த ஆரஞ்சு வெந்ததால் வருவதில்லை. அது நெய்யில் குழைத்துத் தட்டில் பூசும் சாயம். வேகும் முன்பே அது அந்த நிறத்தில்தான் இருக்கும். ஆகவே கண்ணை நம்பாதீர்கள்.

தட்டை இரண்டு கையாலும் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்குங்கள். வெந்திருந்தால் மொத்தமும் ஒரே தகடாக, தட்டிலிருந்து விடுபட்டுச் சறுக்கும். இன்னும் ஒட்டிக்கொண்டு நின்றால் வேகவில்லை. ஓரத்தைக் கத்தி முனையால் தூக்கி அடியையும் பாருங்கள். எதிர்வீட்டம்மா குனாஃபாவை அவனில் வைத்தே நான் பார்த்ததில்லை. அடுப்புத் தணலின் மேல் தட்டை வைத்து, அரை நிமிடத்துக்கு ஒருமுறை கால் வட்டம் திருப்பிக்கொண்டே இருப்பார். நடுவில் பேச்சு நிற்காது, கையும் நிற்காது. அவனில் என்றால் 200 டிகிரியில், கீழ்த்தட்டில், 30 நிமிடத்துக்குக் குறையாமல்.

அடி கருகி, ஆங்காங்கே கறுப்புப் புள்ளி தெரிந்தால் வெண்ணெய் போட்டிருக்கிறீர்கள். வெண்ணெயில் இருக்கும் பால் கசடு மாவு வேகுமுன் கருகிவிடும். நன்றாக உருக்கி வடித்த நெய்தான் வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: முருங்கை இலை போட்டுச் சிவக்க உருக்கிய நம் வீட்டு நெய்யின் வாசனை பன்னீரோடு சண்டை போடும். வெளுத்த பதத்தில் இறக்கிய நெய்யே தேவலை.

தட்டில் கவிழ்த்தால் பாதி ஒட்டிக்கொண்டு வருகிறது

மாவு நூலில் நெய் சரியாகப் படவில்லை. 500 கிராம் கத்தாயிஃபி மாவுக்கு (குனாஃபாவின் நூல்மாவுதான்) 200 முதல் 250 கிராம் நெய் பிடிக்கும், கையை இறுக்கிப் பிடிக்காதீர்கள். புட்டுக்கு மாவு பிசிறுவோமே, அதுபோல உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, ஒவ்வொரு இழையும் மினுங்கும்வரை பிசிற வேண்டும். தட்டிலும் தாராளமாகப் பூசுங்கள். அடுப்பிலிருந்து இறக்கி ஒரு நிமிடம் விட்டு உடனே கவிழ்த்துவிடுங்கள். ஆறினால் நெய் உறைந்து பிடித்துக்கொள்ளும். மூலையில் ஒட்டிய துண்டைச் சுரண்டி எடுத்து, ஓட்டையில் வைத்து அமுக்கிப் பாகு ஊற்றிப் பிஸ்தாவைத் தூவிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது.

கடையில் விற்கும் சேமியாவை வைத்துச் செய்து, ‘நறுக் நறுக் என்று இருக்கிறது’ என்பவர்களுக்கு: சேமியா பிழிந்து காயவைத்தது. கத்தாயிஃபி, சூடான சுழல் தட்டில் நீர்த்த மாவைக் கம்பி கம்பியாக ஊற்றி, வெந்தும் வேகாமலும் இருக்கையில் வாரி எடுப்பது. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், அவ்வளவுதான். பிஸ்தாவும் கத்தாயிஃபியும் அடைத்த துபாய் சாக்லேட் மோகம் வந்த பிறகு உறைந்த கத்தாயிஃபி பாக்கெட் நம் பெரிய ஊர்களிலும் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். அந்தச் சாக்லேட்டின் உள்ளடக்கம் நமத்துப்போனால், கத்தாயிஃபியை இன்னும் சிவக்க வறுத்து, முழுக்க ஆறிய பிறகு பிஸ்தாக் குழம்பில் கலக்க வேண்டும்.

பக்லாவா: தாள் நொறுங்குகிறது, மேலடுக்கு சுருண்டு தனியாக நிற்கிறது

நொறுங்குவது அவசரத்தால். உறைந்த ஃபிலோ தாளை நேராக வெளியே வைத்து இளக விட்டால் ஓரம் ஈரமாகி ஒட்டும், நடு காய்ந்து உடையும். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, மறுநாள் ஒரு மணி நேரம் வெளியே வைத்துப் பிரியுங்கள். வேலை நடக்கும்போது மீதித் தாளை ஈரத்துணியால் மூடிவையுங்கள். துணி பிழிந்ததாக இருக்கட்டும், சொட்டக் கூடாது. கிழிந்த தாள்களை நடு அடுக்குகளில் போட்டுவிடலாம்.

சுருண்டு நிற்பது, அந்தத் தாளுக்கு நெய் தடவ மறந்ததால். அடி காய்ந்து மேல் மட்டும் இனித்தால், வேகவைக்கும் முன் வெட்டவில்லை, அல்லது பாதி ஆழத்துக்குத்தான் வெட்டினீர்கள். கத்தி தட்டின் அடியைத் தொட வேண்டும். அந்த வெட்டுக்கோடுகள்தான் பாகு இறங்கும் வாய்க்கால். 165 டிகிரியில் முக்கால் மணி நேரம், பொறுமையாக.

பஸ்பூசா அல்வாபோலக் கட்டியாகிவிட்டது

எகிப்தில் பஸ்பூசா, லெபனானில் நம்மூரா, பாலஸ்தீனத்திலும் ஜோர்டானிலும் ஹரீஸே. எந்தப் பெயரானாலும் நம் ரவைதான். ‘கேசரி செய்யத் தெரியாதா’ என்று இறங்குகிறோம், அங்கேதான் வழுக்குகிறது. ரவையை வறுக்கக்கூடாது. பொடி ரவை மட்டும் போட்டால் களிபோலாகும், கொஞ்சம் பெரிய ரவை வேண்டும். முதலில் ரவையை நெய்யில் பிசிறி, பிறகு சர்க்கரையும் தயிரும் பேக்கிங் பவுடரும் சேர்த்து, ஒன்று சேரும் அளவுக்கு மட்டும் கலக்குங்கள். கேசரி கிண்டும் ஆவேசம் இங்கே வேண்டாம். கால் மணி நேரம் ஊறினால் போதும். ரொம்ப நேரம் விட்டால் ரவை ஈரத்தையெல்லாம் குடித்துவிடும், பேக்கிங் பவுடரும் வீரியம் இழந்துவிடும்.

தட்டில் ஒட்டினால் நெய்க்குப் பதில் எள் விழுதைப் பூசுங்கள். தஹீனி என்று விற்கிறார்களே, அதுதான். லெபனானிலும் பாலஸ்தீனத்திலும் அப்படித்தான் செய்கிறார்கள். அடியில் ஒரு வறுத்த எள் வாசனை ஏறும், எனக்கு அந்த அடித்துண்டுதான் பிடிக்கும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பாதாமை வைத்து, அவனிலிருந்து எடுத்ததும் ஆறிய பாகை ஊற்றுங்கள். எல்லாமே மேலே மிதந்தாலும் கவலை வேண்டாம், இரண்டு மணி நேரத்தில் குடித்துவிடும். நறுக்கிப் பார்க்கும் ஆசையைத்தான் அடக்க வேண்டும்.

மாமூல் விரிசல் விடுகிறது, அச்சு மறைகிறது

போலீஸ்காரர் வாங்கும் மாமூலும் இதுவும் ஒரே அரபுச் சொல்தான். ‘செய்யப்பட்டது’ என்பது பொருள். அது ‘வழக்கமாக நடப்பது’ என்று ஒரு பக்கம் போனது, பேரீச்சை வைத்த பலகாரமாக இன்னொரு பக்கம் நின்றது. பெருநாளுக்கு முஸ்லிம்களும் ஈஸ்டருக்கு அரபுக் கிறிஸ்தவர்களும் குடும்பமாக உட்கார்ந்து செய்வார்கள்.

விரிசல் என்றால் ரவை இன்னும் தாகமாக இருக்கிறது. ரவையில் உருகிய நெய்யைத் தேய்த்து ஓர் இரவு மூடிவைப்பது இதற்காகவே. மறுநாள் கையால் பிடித்தால் கொழுக்கட்டை மாவுபோல நிற்க வேண்டும், உதிரக்கூடாது. உதிர்ந்தால் ஒவ்வொரு ஸ்பூனாகப் பன்னீரோ வெதுவெதுப்பான பாலோ தெளியுங்கள். தண்ணீர் பட்ட பிறகு சப்பாத்தி மாவுபோல அடித்துப் பிசைந்தால் கல்லாகிவிடும்.

அச்சின் கோடுகள் வேகும்போது கரைந்தால், ஈஸ்டோ பேக்கிங் பவுடரோ அதிகம், அல்லது மாவு இளகிப்போயிருக்கிறது. அச்சிட்ட பிறகு அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, 200 டிகிரிக்குக் காய்ந்த அவனில் வையுங்கள். மர அச்சிலிருந்து வர மறுத்தால் உள்ளே நோண்டாதீர்கள். அச்சின் விளிம்பை மேசையில் ஒரே ஒரு தட்டு, தானாக விழும். மேலே பொடித்த சர்க்கரை தூவுவதென்றால் முழுக்க ஆறட்டும், இல்லையென்றால் பசைதான்.

கதாயிஃபில் துளைகளே வரவில்லை, பொரிக்கும்போது வாய் திறக்கிறது

ரமலான் மாதத்தின் பலகாரம், பூரணம் வைத்து மடிக்கும் குட்டி அப்பம். மேலே சொன்ன கத்தாயிஃபி நூல்மாவு வேறு, இது வேறு. 10ஆம் நூற்றாண்டின் பாக்தாத் சமையல் குறிப்புகளிலேயே கதாயிஃப் இருக்கிறது. ஆப்பம் சுடத் தெரிந்தவர்களுக்கு இது பாதி தெரிந்த வேலை: மாவு ஆப்ப மாவைவிடச் சற்றுக் கெட்டி, ஒரு பக்கம் மட்டும் வேக வேண்டும், திருப்பிப் போடவே கூடாது. மேற்பரப்பு முழுக்கத் துளை விழுந்து, ஈரப் பளபளப்பு மறைந்த நொடியில் எடுத்துவிட வேண்டும்.

துளை வராவிட்டால் ஈஸ்ட் எழவில்லை, மாவு கெட்டி, அல்லது கல் காயவில்லை. முதல் ஒன்றிரண்டு எப்போதுமே கெட்டுப்போகும், அதை வைத்து முடிவுகட்ட வேண்டாம். ஓரம் ஒட்டாமல் வாய் திறந்தால் கல்லில் கூடுதல் நேரம் விட்டுக் காயவைத்திருக்கிறீர்கள். சுட்டதைத் துணிக்குள் வைத்து மூடி, வெதுவெதுப்பு இருக்கும்போதே மடித்து ஓரத்தைச் சோமாசிபோல அழுத்தி ஒட்டுங்கள். காய்ந்தே போயிருந்தால் ஓரத்தில் தண்ணீர் தொட்டு ஒட்டுங்கள். அக்ரூட், சர்க்கரை, பட்டைத்தூள் பூரணத்தை ஒரு ஸ்பூனுக்கு மேல் அடைக்காதீர்கள். பொரித்ததும் பாகில் முக்கி உடனே எடுங்கள்.

லுகைமாத் எண்ணெய் குடிக்கிறது

பொரித்தெடுக்கும் குட்டி மாவு உருண்டைகள் இவை. எண்ணெய் காயவில்லை. வேறு காரணம் தேட வேண்டாம். ஐந்து நிமிடத்தில் மெத்தென்று ஆகிறதென்றால் மாவில் கொஞ்சம் சோள மாவு சேர்த்து, வெளுக்க ஒருமுறை, சிவக்க ஒருமுறை என இரண்டு தடவை பொரியுங்கள். வளைகுடாவில் இதன் மேல் பேரீச்சைப் பாகை ஊற்றி எள் தூவுவார்கள்.

வாயில் வைத்தால் சோப்பு வாசனை

பன்னீரோ ஆரஞ்சுப்பூத் தண்ணீரோ கூடிவிட்டது. அல்லது எசென்ஸை அதே அளவில் ஊற்றிவிட்டீர்கள். மேலே சொன்ன அளவுப் பாகுக்கு ஒரு டீஸ்பூன் போதும், அதுவும் அடுப்பை அணைத்த பிறகு. கொதிக்கும்போது ஊற்றினால் மணம் ஆவியோடு போய்விடும், கசப்பு மட்டும் நிற்கும். கல்யாண வீட்டில் தெளிக்கும் பன்னீரை ஊற்றாதீர்கள். புட்டியில் ‘உண்ணத்தக்கது’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மஸ்திகிப் பிசினிலும் அப்படியே: கடலைப்பருப்பு அளவில் இரண்டு கட்டி போதும், சர்க்கரையோடு சேர்த்து இடித்தால்தான் உரலில் ஒட்டாது. கூடினால் கசக்கும்.

மறுநாள் ரப்பராகிவிட்டது

குனாஃபா தட்டிலிருந்து இறங்கிய அரைமணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டியது. ஆறினால் சீஸ் இறுகத்தான் செய்யும், உங்கள் தப்பு இல்லை. மைக்ரோவேவில் வைத்தால் சீஸ் இளகும், ஆனால் மேல்மாவு நமத்துப்போகும். தோசைக்கல்லில் ஒரு சொட்டு நெய் விட்டு, மாவுப் பக்கம் கீழே இருக்க, மூடி போட்டுச் சிறு தணலில் 4 நிமிடம் வையுங்கள். ஊற்றிய பாகு அடியில் கருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லெபனானில் காலையில் எள் ரொட்டியைப் பிளந்து உள்ளே குனாஃபாவை வைத்துச் சாப்பிடுவார்கள்; மிச்சம் விழுந்தால் நானும் பன்னில் வைத்து அப்படித்தான் தீர்க்கிறேன். பக்லாவாவை ஃபிரிட்ஜில் வைக்கவே வேண்டாம், மூடியுள்ள டப்பாவில் வெளியே இருந்தால் ஒரு வாரம் தாங்கும். மிச்சப் பாகைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஒரு மாதம் கெடாது, அதற்குள் யாராவது லுகைமாத் கேட்பார்கள்.